மேபலின் விலா எலும்புகள்

மேபலைக் கண்டதும் டோரீன் பூரித்துப்போவாள், நாயை விட்டுவிட்டு முதலில் தன்னைத்தான் கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் யோகராணி நினைத்திருந்தாள். காலையிலேயே நாயைக் குளிப்பாட்டித் துவட்டி, கழுத்தில் மகளின் பழைய சிவப்பு ரிப்பன் ஒன்றையும் கட்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மகளைக் காட்டுகிற தாயின் பெருமை அவள் முகத்தில் இருந்தது.

டோரீன் தன் தங்கையின் காரிலிருந்து ஊன்றுகோல்களை ஊன்றி இறங்கினாள். மேபல் வாலை ஆட்டிக்கொண்டு போய் அவள் மீது சாய்ந்தது. டோரீன் ஓர் ஊன்றுகோலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நாயின் கழுத்தில் வைத்த உள்ளங்கையை முதுகு வழியாக வால் வரைக்கும் மெதுவாகக் கொண்டுபோனாள். விலாவின் இரண்டு பக்கமும் தடவினாள். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் கழுத்திலிருந்து தொடங்கினாள்.

"என் நாய் எங்கே, யோகா?"

"இதுதானே மேபல்!"

"இதற்குள் எங்கேயோ இருக்கிறாள். என் கைக்கு அகப்படவில்லை."

டோரீன் பேசியது இங்கிலீஷ். அவள் பேச்சை யோகராணி மனத்துக்குள் தமிழாக்கித்தான் வாங்கிக்கொள்வாள். இந்த வாக்கியத்தைத் தமிழாக்கி முடித்தபோது அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

அது எழுபத்தாறாம் ஆண்டு. ரோவில் என்ற அந்த ஊர் அப்போது மெல்பேர்னின் கிழக்கு ஓரத்தில் கிடந்த பட்டிக்காடு. வேலியும் புல்வெளியும் யூக்கலிப்டஸ் மரமும், மழை பெய்தால் சேறும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மகேந்திரராஜாவும் யோகராணியும் வாடகை மலிவு என்று அங்கே வந்து குடியேறினார்கள். அவர் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைபவர். அவள் ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வலைப்பந்து பழக்கியவள். அவள் பழக்கிய அணி மைதானத்துக்குள் வந்தால் எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும் என்பார்கள். இங்கே அவளிடம் பந்து பழக யாரும் இல்லை. ஒரே மகள் சந்திரகலா படிப்புக்காகச் சிட்னிக்குப் போனபிறகு, அந்த வீட்டில் அவள் கண்டிப்பதற்குக் கணவர் ஒருவர்தான் மிச்சம்.

பக்கத்துக் காணி டோரீனுடையது. ஓட்டப் பந்தய நாய்களைப் பழக்குவது அவள் தொழில். கூரைத் தகரத்தைச் சரிபார்க்க ஏணியில் ஏறி விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, மற்ற நாய்களைச் சொந்தக்காரர்கள் கொண்டுபோனார்கள். மேபலை மட்டும் யாரும் வந்து கூட்டிப்போகவில்லை. வரி வரியான பழுப்பு நிறம், ஊசி மூக்கு, பயந்த கண். யோகராணிதான் தானாகப் போய், "நான் பார்க்கிறேன்" என்று பொறுப்பெடுத்தாள். ஆம்புலன்சில் ஏற்றுகிற நேரத்திலும் டோரீன், கொட்டிலில் இருக்கும் குளிர்பெட்டியில் மாட்டிறைச்சி இருக்கிறது, ரஸ்கு இருக்கிறது, தினமும் இவ்வளவு நடத்து, கூடப் போடாதே என்று கையால் அளவு காட்டிக்கொண்டே போனாள்.

மாட்டிறைச்சி! யோகராணி வீட்டில் முட்டை கூட வாசல் தாண்டி உள்ளே வந்ததில்லை. முதல் நாள் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அந்தச் சிவப்புத் துண்டைக் கரண்டியால் தள்ளிவிட்டாள். இரண்டாம் நாள் துண்டு சிறிதாயிற்று. வெள்ளிக்கிழமை வந்தது, விரத நாளில் இறைச்சியைத் தொடுவதா என்று முற்றாக விட்டுவிட்டாள். அந்த இடத்தை நிரப்பத்தான் சோறு வந்தது. சோற்றோடு பருப்பு வந்தது. சும்மா சோறும் பருப்பும் எப்படிப் போடுவது என்று நெய் வந்தது.

அதோடு நின்றிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளென் வேவர்லியிலிருந்து ஊர்ச் சிநேகிதர் தேவராஜாவும் அவர் மனைவி இராஜேஸ்வரியும் வந்தார்கள். இராஜேஸ்வரி நல்ல மனுஷி, ஆனால் அவள் வாய்க்குக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. பின்வளவில் நின்ற நாயைக் கண்டதுமே நெஞ்சில் கையை வைத்தாள்.

"ஐயோ கடவுளே! என்ன யோகராணி, விலா எலும்பெல்லாம் எண்ணலாம் போல கிடக்கு. வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுறியளோ?"

மகேந்திரராஜாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது. வந்தவர்களுக்கு வயிறு முட்டச் சோறு போட்டு அனுப்புகிற குடும்பம் அவருடையது. அப்படிப்பட்ட வீட்டு முற்றத்தில் ஒரு சீவன் விலா தெரிய நிற்பதா? அவர்கள் காரில் ஏறி முடியுமுன் அவர் குசினிக்குள் போய்விட்டார். அன்று மேபலுக்கு இடியப்பமும் சொதியும். அதன்பிறகு யோகராணியும் கையை அடக்கவில்லை. சோறு, தயிர், பாற்கஞ்சி, வெள்ளிக்கிழமைச் சர்க்கரைப்பொங்கல். மேபல் தட்டை நக்கி முடித்து நன்றியோடு பார்க்கும்போது இருவருக்கும் நெஞ்சு நிறைந்துபோகும். மழை என்று நடையும் நின்றது. விலா ஒவ்வொன்றாக மறைந்தபோது, வருத்தக்காரப் பிள்ளை தேறி எழும்பியதுபோல மகிழ்ந்தார்கள். நாய் சரிந்து படுத்தால் எழும்ப யோசித்தது. அதையும் திருப்தியின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது டோரீன் தன் வீட்டு வாசற்படியில், காலை நீட்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். கோபித்திருந்தால் யோகராணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டோரீன் கோபிக்கவில்லை.

"இவளுக்குச் சொந்தக்காரன் கெவின், உனக்குத் தெரியுமே, மர ஆலைக்காரன். ஏற்கெனவே இவள்மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை. கடைசியாக ஒரு வெள்ளோட்டம் பார்ப்பேன், ஓடினால் வைத்திருப்பேன் என்றிருக்கிறான். என் கால் முறிந்ததால் தள்ளிப்போட்டிருக்கிறான். இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது."

"ஓடாவிட்டால்?"

டோரீன் தன் காணியின் மூலையில் தனியாக நின்ற மரத்தையும் அதன் அடியிலிருந்த மண்மேடுகளையும் பார்த்தாள். பிறகு, "ஓடாத நாயை யாரும் தீனி போட்டு வைத்திருப்பதில்லை, யோகா. அவனுடைய வண்டியில் துப்பாக்கி இருக்கிறது. அது ஒரு நிமிஷ வேலை" என்றாள்.

யோகராணி நாயைத் திரும்பிப் பார்த்தாள். தன் கையால் போட்ட நெய்ச் சோறு இந்த நாயின் உயிருக்கே உலை வைத்துவிட்டதா? ஒவ்வொரு கவளமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. மேபல் அவள் காலடியில் படுத்து அவள் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டது.

அழுகிற சாதி இல்லை அவள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். ஊரில் மைதானத்துக்குள் இறங்குமுன் அப்படித்தான் செருகுவாள்.

"கையை எப்பிடி வைக்கிறது, எங்க என்ன தெரிய வேணும், எல்லாத்தையும் எனக்குக் காட்டு" என்றாள். பாதி தமிழாகவே வந்துவிட்டது. டோரீனுக்கு விளங்கியது.

டோரீன் காட்டினாள். கண் பொய் சொல்லும், ரோமம் ஏமாற்றும், கையைத்தான் நம்ப வேண்டும். கடைசி விலாக்கள் கண்ணுக்கே தெரிய வேண்டும். மற்றவை தொட்ட மாத்திரத்தில் விரலுக்குத் தெரிய வேண்டும். முதுகுத் தண்டின் இரண்டு பக்கமும் சதை திரண்டு, தண்டு நடுவில் பள்ளமாக ஓட வேண்டும். தொடைச் சதை அழுத்தினால் விட்டுக்கொடுத்துத் திரும்பி வர வேண்டும். கல்லுப் போல இருந்தாலும் பிழை, களி போல இருந்தாலும் பிழை. ஓடி முடித்ததும் மூச்சு எவ்வளவு சுருக்காக அடங்குகிறது என்று பார். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார். மெலிவு வேறு, பட்டினி வேறு. பட்டினி கிடந்த நாயில் எலும்பும் தெரியும், சதையும் இருக்காது. பழக்கிய நாயில் எலும்பும் தெரியும், சதையும் இருக்கும்.

கேட்டுக்கொண்டிருந்த யோகராணிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? ஆட்டத்துக்கு முதல்நாள் புட்டை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டவள்தானே அவள்? ஆட்டக்காரப் பிள்ளை மெலிவாக இருக்கிறாள் என்று தாய்மார் சண்டைக்கு வந்தபோது, திருப்பி அனுப்பியவள்தானே? பிறத்தியாரின் நாய், பார்க்க வருகிற சனம், என்ன சொல்வார்களோ என்ற பயம். அந்தப் பயம் இருந்த புத்தியையும் மூடிவிட்டது. இனி யார் என்ன சொன்னாலும் காதில் வாங்குவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தாள்.

அடுத்தநாள் விடிய, பனி புல்லில் வெள்ளையாகக் கிடக்க, அவள் கணவரின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நாயோடு வீதியில் இறங்கினாள். சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு. மேபல் முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டது. அவளுக்கும் மூச்சு வாங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எழும்படி" என்றாள் யோகராணி. "எனக்கும் ஏலாமல்தான் கிடக்கு. எழும்பு."

எழும்பியது.

இறைச்சிதான் பெரிய மலை. டோரீனின் கொட்டிலில், டோரீனின் பழைய மேலங்கியைக் கட்டிக்கொண்டு, யோகராணி தன் கையாலேயே கொழுப்பைச் சீவி, துண்டு போட்டு, ரஸ்கோடும் மரக்கறி அவித்த தண்ணியோடும் பிசைந்தாள். முதல் நாள் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து பிசைந்தாள். டோரீன் கதிரையில் இருந்தபடி, "நான் யாரையாவது கேட்கவா?" என்றாள். "வேண்டாம். கெடுத்தது நான்" என்று யோகராணி சுருக்கமாக முடித்துவிட்டாள். வேலை முடிந்ததும் தலையில் தண்ணி வார்த்துக்கொண்டுதான் குசினிக்குள் கால் வைப்பாள். அந்தக் குளிரில் தினமும் தலைமுழுக்கு. 

வெள்ளிக்கிழமை காலை அவள் கொட்டிலுக்குக் கிளம்பியபோது மகேந்திரராஜா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாரும், வெள்ளிக்கிழமையிலயுமோ? ஒருநாள் சோறு போட்டால் குறைஞ்சா போகும்?"

"நாய்க்கு வெள்ளிக்கிழமை தெரியாது. முருகனுக்கு என்னைத் தெரியும். வழியை விடுங்கோ."

சொல்லிவிட்டாளே தவிர, கொட்டிலுக்குள் போய் அந்தச் சிவப்புத் துண்டைத் தொட்டபோது அவளுக்குக் கண் கலங்கியது. சின்ன வயதிலிருந்து விடாத வெள்ளிக்கிழமை விரதம். ஒரு நாய்க்காக விட்டாள். விட்டது பிழை என்று அவள் மனம் ஒருபோதும் சொல்லவில்லை, வலித்தது மட்டும் உண்மை.

நாட்கள் போயின. காலையும் மாலையும் அவள் கண்ணை மூடிக் கையை ஓட்டிப் பார்த்தாள். முதலில் தொடை இறுகியது. நடை நீண்டது. புல்வெளியில் அவிழ்த்துவிட்டால் மேபல் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பாயத் தொடங்கியது. ஆனால் விலாமேல் இருந்த அந்த மெத்தை மட்டும் கரைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. தீனி சரி, நடை சரி, ஓட்டம் சரி. அப்படியிருக்க விரலுக்கும் எலும்புக்கும் நடுவில் இது எங்கிருந்து வருகிறது? டோரீனும் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"வேறு யாரோ சாப்பாடு போடுகிறார்கள்" என்றாள்.

யோகராணிக்குச் சட்டென்று பொறி தட்டியது. அந்த வீட்டில் வேறு யார்? அன்று பின்னேரம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், பாதி வழியில் திரும்பி, சத்தம் போடாமல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மகேந்திரராஜா குந்தியிருந்தார். மடியில் தயிர்ச்சோற்றுக் கிண்ணம். உருண்டை உருண்டையாகப் பிடித்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஊட்டும்போது, "கொம்மாட்டைச் சொல்லிப்போடாத" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

"கொம்மா இஞ்சதான் நிக்கிறன்" என்றாள் யோகராணி.

அவர் கையிலிருந்த உருண்டை கீழே விழுந்தது. மேபல் அதையும் விடவில்லை.

"என்னப்பா செய்யுறியள்? நான் குளிருக்குள்ள நிண்டு அந்த இறைச்சியைப் பிசையிறன். விரதத்தை விட்டிட்டன். நீங்கள் பின்னால இருந்து குழி தோண்டுறியளோ?"

அவர் எழும்பவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் சாப்பிடேக்க அது கண்ணாடிக் கதவுக்கு வெளியில நிண்டு பாக்குது. அது பாக்கேக்க எனக்குச் சோறு தொண்டையால இறங்குதில்லை, யோகராணி. பசிச்ச முகத்தைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சாப்பிடுறது?"

உச்சிக்கு ஏறியிருந்த கோபம் அதைக் கேட்டதும் இறங்கிவிட்டது. இந்த மனுஷனின் இளகிய மனதுக்குத்தான் அவள் வாழ்க்கைப்பட்டவள். அந்த மனம்தான் இப்போது நாயைக் கொல்லப் பார்க்கிறது. அவர் பக்கத்தில் தானும் குந்தினாள்.

"அது பசிச்ச முகமில்லை. அதின்ர முகமே அதுதான். சாப்பிட்டு முடிச்ச கையோடயும் அப்பிடித்தான் பாக்கும். கையைத் தாங்கோ." அவர் கையைப் பிடித்து நாயின் விலாவில் வைத்தாள். "இது எல்லாம் உங்கட தயிர்ச்சோறு. இது கரையாட்டி அந்த மனுசன் வந்து சுட்டுப்போடுவான். விளங்குதோ? நாங்கள் அன்பு எண்டு போடுறது ஒவ்வொண்டும் அவன்ர துவக்குக்கு வெடிமருந்து."

மகேந்திரராஜா கையை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். மூக்கை உறிஞ்சினார். மறுநாளிலிருந்து மாலை நடை அவர் பொறுப்பு. நாய் பார்க்கிற நேரத்தில் மனம் இளகினால் எழும்பி நடவுங்கோ என்று அவளே உத்தரவு போட்டிருந்தாள். அவருக்கு அடிக்கடி மனம் இளகியது. ஆகையால் அடிக்கடி நடந்தார். வெள்ளோட்டத்துக்கு முந்தின வாரம் அவருடைய காற்சட்டைப் பெல்ட்டிலும் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது.

அந்த வாரம் ஒரு காலை, பனி விலகிய வெயிலில், மேபலின் கடைசி விலாக்கள் மெல்லிய நிழலாகத் தெரிந்தன. யோகராணி கண்ணை மூடிக் கையை ஓட்டினாள். கழுத்து, தோள், முதுகுப் பள்ளம், இடுப்பு, தொடை. ஓர் இடத்திலும் கை தடுமாறவில்லை. டோரீன் கேட்காமலே தலையை ஆட்டினாள்.

கிரான்போர்ன் பக்கத்தில் ஒரு தனியார் ஓட்டப்பாதையில் வெள்ளோட்டம். கெவின் பெரிய உடம்புக்காரன், பேச்சுக் குறைவு. தன் கறுப்பு நாய் ஒன்றையும் கூட ஓடவிடக் கொண்டுவந்திருந்தான். வண்டியின் முன்னிருக்கைக்குப் பின்னால் நீளமாக ஒன்று சாக்கில் சுற்றிக் கிடந்ததை யோகராணி பார்த்தாள். மேபலின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

நாய்கள் துரத்துவதற்கான பொய் முயல் கம்பியில் கிறீச்சிட்டு ஓடியது. நாய்களை அடைத்திருந்த பெட்டியின் கதவு திறந்தது. மேபல் பாய்ந்த பாய்ச்சலில் யோகராணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுவா தட்டை நக்கிவிட்டுச் சரிந்து கிடந்த நாய்? முதுகு வில்லாக வளைந்து நிமிர, மண் பறக்க, அது பறந்தது. "ஓடடி! ஓடடி என்ர செல்லம்!" என்று அவள் கத்தியது கல்லூரி மைதானத்துக்கே கேட்டிருக்கும்.

கறுப்பு நாய் முன்னால் முடித்தது. இடைவெளி கொஞ்சநஞ்சமில்லை.

டோரீன் தன் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "இவள் பிறந்ததிலிருந்து ஓடியதில் இதுதான் நல்ல ஓட்டம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

யோகராணிக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்த கணம் அதன் பொருள் உறைத்தது. நெய்ச் சோறு காரணமில்லை. கொழுப்பு காரணமில்லை. செய்த பிழையை ஒன்று விடாமல் திருத்தியாகிவிட்டது. இதற்கு மேல் திருத்த எதுவும் இல்லை. நாய்க்கு இருக்கிற வேகமே இவ்வளவுதான்.

"போதாது" என்றான் கெவின். நாய்வாரை வாங்கக் கையை நீட்டினான். டோரீன் வேறு பக்கம் பார்த்தாள். எத்தனையோ நாய்களுக்கு அவள் அப்படி வேறு பக்கம் பார்த்திருப்பாள்.

யோகராணி வாரைக் கொடுக்கவில்லை. கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"இவளை எனக்குத் தா."

"முடியாது." கெவின் தலையை ஆட்டினான். "இரக்கம் இல்லாமல் சொல்லவில்லை, மிஸஸ். முன்பு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் பீப்பாய் மாதிரிக் கிடக்கும். மூட்டுப் போய், மூச்சு இரைத்து, எழும்ப முடியாமல். ஓடப் பிறந்ததை அப்படிச் சாகவிடுவதைவிட இது நல்லது. உன்னிடம் ஒரு மாதம் இருந்ததில் இவள் எப்படி ஆனாள் என்று டோரீன் சொன்னாள்."

அவன் சொன்னது உண்மை. அவள் செய்த அதே பிழைதான் இப்போது வழியில் குறுக்கே நின்றது. ஆனால் வார் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"ஓம். செய்தேன்" என்றாள். "வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் போட்டேன். இப்போது தெரியும். நீ ஓட்டத்தைப் பார்த்தாய். நாயை இன்னும் பார்க்கவில்லை."

கெவினுக்கு விளங்கவில்லை. அவள் எட்டி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கணவரைத் தவிர வேறொரு ஆணின் கையை அவள் வாழ்நாளில் தொட்டதில்லை. அந்தப் பெரிய கையை இழுத்து மேபலின் கழுத்தில் வைத்தாள்.

"கண்ணை மூடு. தடவிப் பார். எங்கே பிழை என்று சொல். ஓர் இடம் சொன்னாலும் வாரைத் தருகிறேன்."

மற்றவனாயிருந்தால் சிரித்திருப்பான். கெவின் நாய்க்காரன். கை நாயில் பட்டதும் அது தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. தோளை அமர்த்தினான். விலாவில் விரல்களை விரித்தான். முதுகுப் பள்ளத்தில் கட்டைவிரலை ஓட்டினான். தொடையை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினான். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தான். ஓடி வந்த நாயின் மூச்சு ஏற்கெனவே அடங்கியிருந்தது.

"யார் இதைச் செய்தது?" என்று டோரீனைக் கேட்டான்.

"நான் கதிரையில் இருந்து வாயை மட்டும்தான் அசைத்தேன். கை அவளுடையது. வீட்டில் இறைச்சி தொடாதவள், கெவ்."

கெவின் நிமிர்ந்து யோகராணியை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். சேற்றுச் சப்பாத்து, சேலை, கம்பளிக் கோட்டு.

"நான் சொல்லாமல் வருவேன்" என்றான். "எந்த நாளும் வரலாம். இதே கையை வைத்துப் பார்ப்பேன். விலா என் விரலுக்குத் தெரியவில்லை என்றால், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவேன். சம்மதமா?"

"வா. எப்ப வேண்டுமானாலும் வா" என்றாள் யோகராணி.

டோரீனின் தங்கையின் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோகராணி கையில் சுற்றிய வாரை அவிழ்த்தாள். டோரீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மேபல் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டது.

வீட்டு வாசலில் தேவராஜாவின் கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மகேந்திரராஜா ஓடி வந்தார். நாய் முன்னால் வருவதைக் கண்டதும் அவர் முகம் விரிந்தது.

"வெண்டிட்டுதோ?"

"இல்லை. தோத்திட்டுது. எண்டாலும் இனி இது எங்கட நாய்." நடந்ததைச் சொன்னாள். கெவின் வைத்த நிபந்தனையையும் சொன்னாள். அவர் குனிந்து, கண்ணை மூடி, மேபலின் விலாவில் கையை வைத்தார். யோகராணி அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

உள்ளே தேநீர் மேசையில் உளுந்து வடை சூடாக இருந்தது. இராஜேஸ்வரி நாயைப் பார்த்தாள். நெஞ்சில் கை போனது.

"ஐயோ பாவம், போன முறை பாத்ததிலும் பாக்க இன்னும் மெலிஞ்சு போச்சே! என்ன யோகராணி, உங்களுக்கு நெஞ்சில ஈரமில்லையோ? இந்தா ராசாத்தி, வா." ஒரு முழு வடையை எடுத்து நாயின் வாய்க்கு நேரே நீட்டினாள். மேபல் தன் பசித்த முகத்தோடு கிட்ட வந்தது.

யோகராணி வாயைத் திறக்குமுன் மகேந்திரராஜா எழும்பிவிட்டார். வந்தவர்களின் முகம் கோணப் பேசியறியாத மனுஷன். விருந்தாளி கேட்டால் தன் தட்டையே தூக்கிக் கொடுக்கிறவர். அவர் இராஜேஸ்வரியின் கையிலிருந்து வடையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். எல்லாரும் திகைத்துப் பார்த்திருக்க, மென்று விழுங்கி முடித்தார்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றார். "இதின்ர விலா தெரியுமட்டும்தான் இதுக்கு உயிர்."

பிறகு இராஜேஸ்வரிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நாயை மெதுவாகத் திருப்பி நிறுத்தினார்.

"கையைத் தாங்கோ. கண்ணை மூடுங்கோ. எங்க வைக்கிறது எண்டு நான் காட்டுறன்."